அண்ணாவின் தலைக்குள் கேட்ட பாட்டு

“பாட்டை ஆர் போட்டது?” என்று அண்ணா கேட்டான். ஒருவரும் போடவில்லை. அவனுடைய போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. நான் முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் லாண்ட்மாஸ்டரின் (கையால் பிடித்து உழுகிற சின்ன உழவு இயந்திரம்) பக்கத்தில் குந்தியிருந்தான். கையிலிருந்த ஸ்பானர் விழுந்தது. நல்ல செய்தி கேட்டவன் போலச் சிரித்தான். பிறகு கழுத்து ஒரு பக்கமாக முறுகியது. ஆடு அறுக்கும்போது வருமே ஒரு சத்தம், அது அவன் தொண்டையிலிருந்து வந்தது. எஞ்சினில் நெற்றி அடித்து விழுந்தான்.

விழுந்த பிறகுதான் தொடங்கியது. குதிக்கால் இரண்டும் மண்ணைத் தோண்டின. பல் நெறுநெறுவென்று அரைபட்டது. நாக்கைக் கடித்துவிடுவான் என்று பயந்து என் விரலை வாய்க்குள் கொடுத்தேன். அவன் கடித்தான். சுட்டுவிரலில் நகத்துக்குக் கீழே எலும்பு வரை பல் போனது. நான் கத்தக் கத்த அவன் கடித்துக்கொண்டேயிருந்தான். பக்கத்து வீட்டு மாமா ஓடிவந்து சாவிக்கொத்தை அவன் கைக்குள் திணித்தார். இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வலிப்பு நின்றது. அது தானாக நின்றது, சாவிக்கொத்துக்காக நிற்கவில்லை என்று பிறகு படித்தேன்.

உங்கள் வீட்டிலும் வலிப்பு வருகிற ஒருவர் இருந்தால் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். கிளிநொச்சியில் ஒரு தையல் ஆலையில் வேலை செய்கிறேன். எழுதத் தெரியாது. நடந்ததைச் சொல்லத் தெரியும்.

எங்கள் வீடு ஸ்கந்தபுரத்தில். அம்மா, அண்ணா, நான். அண்ணாவின் பெயர் சுதன். கடைசிச் சண்டையில் அவனுக்குப் பத்து வயது, எனக்கு ஐந்து. ஒரே செல்லில் (பீரங்கிக் குண்டு) அப்பா போனார், அண்ணாவின் தலைக்குள் ஒரு பீஸ் (செல் துண்டு) போனது. காயம் ஆறியது. மயிர் முளைத்தது. பீஸை மறந்துவிட்டோம். வன்னியில் உடம்புக்குள் பீஸ் இல்லாத வீடு குறைவு. எல்லோரும் அதோடுதான் உழுகிறார்கள், கலியாணம் கட்டுகிறார்கள்.

பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் இந்த நோயைச் சொல்ல முடியாது.

லண்டனில் இருக்கும் எங்கள் மச்சான் ஒருவர் தன் பழைய போனை அண்ணாவுக்கு அனுப்பினார். அதற்குள் ஒரு ஆங்கிலப் பாட்டு மிஞ்சிக் கிடந்தது. நாலு வெள்ளைக்காரப் பெடியன்கள், கிற்றார், மேளம். நாங்கள் பிறக்க முந்திய பாட்டு. முதலில் ஒரு கிற்றார் மட்டும், தகரத்தை ஆணியால் கீறுவது போல. பிறகு மேளம் விழும், யாரோ கதவை உதைத்துத் திறப்பது போல. பாடுகிறவன் பாடுகிறான் என்றே சொல்ல முடியாது. சண்டைக்கு வந்தவன் மாதிரி நின்று கதைக்கிறான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அண்ணாவுக்கு அதில் விசர் (பைத்தியம்). கராஜில் வேலை செய்யும்போது, குளிக்கும்போது, இரணைமடுக் குளக்கட்டில் சைக்கிள் ஓடும்போது, எந்த நேரமும் அதுதான். அவனுடைய சிநேகிதன் ரிஸ்வானுக்கும் அதே விசர். ரிஸ்வானின் ஆட்கள் முல்லைத்தீவு முஸ்லிம் ஆட்கள், புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள். அவன் கிளிநொச்சியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். ஓரளவு ஆங்கிலம் தெரியும்.

பாட்டின் வீடியோவுக்குக் கீழே உலகத்து ஆட்கள் எழுதிவைத்திருப்பதை இரண்டு பேரும் கடையில் இருந்து வாசிப்பார்கள். ஆயிரக்கணக்கில் கிடக்கும். ஒரு லொறிக்காரன் இந்தப் பாட்டு வந்தால் வண்டியை ஓரங்கட்டிவிடுவானாம், ஓட்ட முடியாதாம். ஒருவன் தகப்பனின் சவப்பெட்டியைத் தூக்கும்போது இதைப் போட்டானாம். ஒரு பெண் புருசனை விட்டு வெளியேறிய அன்று காருக்குள் பதினாறு தரம் கேட்டாளாம். ‘இந்தப் பாட்டு என்னைக் கொன்றுவிட்டது’ என்று ஒருவன் எழுதியிருந்தான்.

“கொண்டுட்டுதாம் மச்சான்,” என்றான் ரிஸ்வான். “செத்தவன் எப்பிடி எழுதுறான்?”

“அது உனக்கு விளங்காது. நீ பற்றரி மாத்து,” என்றான் அண்ணா.

அங்கே சண்டையும் நடக்கும். மேடையில் வாசித்ததா சிறந்தது, இசைத்தட்டில் இருப்பதா சிறந்தது என்று பிரேசில்காரன் ஒருவனோடு அண்ணா மூன்று கிழமை (வாரம்) சண்டை பிடித்தான். ரிஸ்வான்தான் மொழிபெயர்ப்பு. தூசணத்தை (கெட்ட வார்த்தை) மட்டும் மொழிபெயர்க்க மாட்டேன், நோன்பு நாள் என்று சொல்லிவிட்டான். அந்தப் பிரேசில்காரன் கடைசியில் ‘சகோதரா’ என்று எழுதினான். அன்று அண்ணா எங்கள் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தான். அப்பாவின் பெயரை உச்சரித்தால் எழும்பிப் போகிறவன், அந்தக் கருத்துகளைக் கேட்டு அழுவான். முகம் தெரியாத ஆட்கள் தன்னுடையதைச் சொல்கிறார்கள் என்பான்.

முதல் வலிப்புக்குப் பிறகு கிழமைக்கு ஒன்று வந்தது. ஒவ்வொரு தரமும் முதலில் அதே பாட்டின் தொடக்கம் கேட்கும். கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். ஸ்கான் எடுத்தார்கள். ஈ.ஈ.ஜி. (தலையில் வயர் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் படமாக வரைவது) எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் எடுக்கும் படம்) எடுக்க ஏலாது என்றார்கள். தலைக்குள் இரும்பு இருந்தால் காந்தம் அதை இழுக்குமாம்.

டொக்டர் இளம் ஆள். படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார். இடது காதுக்கு மேலே அரிசியளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதை வெட்டி எடுக்கப் போனால் பேச்சுப் போகலாம் என்றார். பிறகு வலிப்புக்கு முதல் என்ன தெரிகிறது என்று கேட்டார். அண்ணா வெட்கப்பட்டுச் சொன்னான். எந்தப் பாட்டு என்று கேட்டார். அதையும் சொன்னான். டொக்டர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“கம்பசில எங்கட அறையில ஓடின பாட்டு. நல்ல பாட்டு,” என்றார். “ஆனா தம்பி, உமக்கு வாறது பாட்டில்லை. வலிப்பின்ர முதல் துண்டு. அது கேட்டா வலிப்புத் துவங்கிட்டுது எண்டு அர்த்தம்.”

அதற்கு ஓரா (வலிப்புக்கு முந்தி நோயாளிக்கு மட்டும் தெரிகிற அறிகுறி) என்று பெயர். சிலருக்கு மணம் வரும், சிலருக்கு வயிற்றில் பயம் எழும்பும். மிகச் சிலருக்குப் பாட்டு.

வாய்க்குள் ஒன்றும் வைக்காதே, சரித்துப் படுக்க வை, மணிக்கூட்டைப் பார், ஐந்து நிமிடத்துக்கு மேலே போனால் கொண்டு ஓடி வா. இதெல்லாம் எனக்குச் சொன்னது. என் விரல் கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கடைசியாக, குளிசை (மாத்திரை) எழுதித் தந்துவிட்டு, “குளிசையை ஒரு நாளும் நிப்பாட்டக் கூடாது. ஒரு நாள் விட்டாலும் முந்தியிருந்ததை விடக் கூட வரும்,” என்றார். நான் தலையாட்டினேன். இதை வாசிக்கிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டாலும் போதும்.

குளிசை தொடங்கி இரண்டு கிழமையில் பெரியப்பா ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பாட்டு பேய்ப் பாட்டு, அதில் எதுவோ ஏறி வந்துவிட்டது என்று பெரியப்பாவுக்கு முடிவு. அந்த ஆள் அண்ணாவை முற்றத்தில் இருத்தி வேப்பங்குழையால் அடித்தார். பிறகு பிரம்பால் அடித்தார். ஆர் நீ, எங்கேயிருந்து வந்தாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்.

“இங்கிலாந்து,” என்றான் அண்ணா.

சொல்லிவிட்டுச் சிரித்தான். அதற்கு இன்னும் விழுந்தது. முதுகு பிளந்து சேர்ட் ஒட்டிக்கொண்டது. அம்மா பிரம்பைப் பிடுங்கி அந்த ஆளையே படலை (வேலிக் கதவு) வரைக்கும் கலைத்துக்கொண்டு ஓடினா. பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்.

முதல் குளிசை ஒத்துவரவில்லை. வலிப்புக் குறைந்தது. ஆனால் ஆள் மாறினான். டொக்டர் இதை முன்பே சொல்லியிருந்தார், சிலருக்குக் கோபம் வரும் என்று. கோபம் என்ற சொல் காணாது (போதாது). சோறு ஆறியிருந்தது என்று குசினிக் (சமையலறை) கதவை உதைத்து உடைத்தான். கராஜில் முதலாளியின் தோளில் ஸ்பானரால் அடித்தான். ஒரு நாள் குளிசை கொடுக்கப் போன என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் இடித்தான், மூன்று தரம். பிறகு தன் கையைப் பார்த்துவிட்டு, அந்தக் கையைச் சுவரில் குத்திக் குத்தி விரல் முறித்தான். இருவரும் ஒரே முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகும்போது அவன் என் நெற்றியைத் தன் சாரத்தால் அமத்திப் பிடித்திருந்தான்.

டொக்டர் குளிசையை மாற்றினார். அதற்குப் பிறகு எட்டு மாதம் ஒரு வலிப்பும் இல்லை. கோபமும் இல்லை. காலையில் எட்டு மணிக்கு இரண்டு, இரவு எட்டுக்கு இரண்டு. நான்தான் கையில் வைத்துக் கொடுப்பேன். அம்மா ஊரெல்லாம் சொன்னா, பிள்ளை சுகம் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பாட்டும் போய்விட்டது. அதை நான் கவனிக்கவில்லை. போனில் போட்டுப் பார்ப்பான், பாதியில் நிறுத்துவான். ஈரச் சாக்குக்குள்ளால் கேட்கிறது என்பான். பாட்டு போனில் இருக்கிறதுதானே, நீ ஏன் இல்லை என்கிறாய் என்று நான் கேட்டேன்.

“போனில இருக்கிறது பாட்டு,” என்றான். “தலைக்குள்ள வரேக்க நான் அதுக்குள்ள நிக்கிறன். அந்த ரெண்டு செக்கன் எனக்கு ஒண்டுக்கும் பயமில்லை. செல் விழுந்த நாள் துவங்கி எனக்குப் பயமில்லாம இருந்தது அந்த ரெண்டு செக்கன்தான்.”

எனக்கு விளங்கியது. விளங்கியதுதான் பிழை.

அந்த வீடியோவுக்குக் கீழே அவன் எழுதினான். ரிஸ்வான் கடையில் இல்லாத நேரம், போனே மொழிபெயர்த்தது. இந்தப் பாட்டு முன்பு என் தலைக்குள் தானாக வரும், மருந்து போட்ட பிறகு வருவதில்லை, அது இல்லாமல் வெறுமையாக இருக்கிறது என்று எழுதினான். நூற்றுக்கணக்கில் விருப்பம் விழுந்தது. எல்லோரும் அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். பாட்டைப் பற்றி இவ்வளவு அழகாக ஒருவரும் எழுதவில்லை என்றான் ஒருவன். உனக்கு வந்த நோய் எனக்கும் வேண்டும் என்றான் இன்னொருவன். மருந்தை நிறுத்து, சத்தத்தைக் கூட்டு என்று எழுதி, சிரிக்கும் முகம் போட்டிருந்தான் மற்றவன். அவர்களில் பிழை இல்லை. ரசிகர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். அண்ணா அதை எனக்குக் காட்டினான். சிரிக்கும் முகத்தை அவன் பார்த்ததாகத் தெரியவில்லை.

கந்தசஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம், பகல் முழுக்கத் தண்ணீர், பின்னேரம் பாலும் பழமும். பிள்ளைக்குச் சுகம் தந்த முருகனுக்கு நன்றி சொல்ல, தன்னோடு அண்ணாவும் விரதம் இருக்கவேண்டும் என்று அம்மா கேட்டா. ஆனால் குளிசை விடக் கூடாது என்றும் சொன்னா. அம்மா கவனமான ஆள். அண்ணா, “குளிசை போட்டா விரதம் முறியாதாம் அம்மா, தங்கச்சி நேரத்துக்குத் தருவா,” என்றான்.

பிறகு கிணற்றடியில் வந்து என்னிடம் சொன்னான். ஆறு நாள் மட்டும். ஆறு நாளும் நீ கொண்டு வா, நான் வாங்கித் துப்புகிறேன். ஒரு தரம் வந்தால் போதும். பிறகு செத்தாலும் நிறுத்த மாட்டேன். அம்மாவுக்குச் சொன்னால் நான் இனி ஒரு குளிசையும் தொட மாட்டேன்.

“சத்தியமா ஆறு நாள்தானே?” என்று கேட்டேன்.

அதுதான் நான் கேட்டது. வேண்டாம் என்று சொல்லவில்லை. எட்டு மாதமாக அவன் அவ்வளவு உயிரோடு கதைத்து நான் பார்க்கவில்லை.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் வேலியோரம் நின்றவன் என்னைத் திரும்பிப் பார்த்து ஒற்றை விரலை உயர்த்தினான். கண் மின்னியது. வலிப்பு வரவில்லை, பாட்டு மட்டும் வந்து போனதாம். இனிக் குளிசையைப் போடு, இவ்வளவும் காணும் என்றேன். விரதம் முடியட்டும் என்றான்.

ஆறாம் நாள் கோயிலில் சூரன்போர். முருகன் ஒரு பக்கம் தேரில் நிற்பார். எதிரே சூரனின் பெரிய உருவத்தைப் பெடியன்கள் கொம்பில் (தூக்குகிற நீள மரம்) தூக்கி ஆட்டுவார்கள். ஓடிப் பாய்ந்து, முன்னுக்குச் சரித்து, பின்னுக்கு இழுத்து, சனத்துக்கு மேலே விழுகிற மாதிரி ஆட்டுவார்கள். மேளம் காதைப் பிளக்கும். அண்ணா வெறும் வயிற்றோடு முன் கொம்பில் நின்றான். நான் சனத்தை மறித்துக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம், பெண்களோடு. அம்மா எனக்கு முன்னால்.

மூன்றாவது ஓட்டத்தில் அவன் கொம்பை விட்டான். தலையை நிமிர்த்தினான். சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.

விழுந்தான். சூரன் ஒரு பக்கம் சரிய மற்றவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். அவன் மண்ணில் துள்ளினான். யாரோ “உரு வந்திட்டுது, விலகுங்கோ,” என்றார்கள். உரு என்றால் சாமி ஆளில் இறங்குவது. சனம் வட்டமாக விலகியது. அரோகரா என்ற சத்தம் எழும்பியது. மேளக்காரர் அவன் துள்ளலைப் பார்த்து அதற்கேற்ற மாதிரி வேகத்தைக் கூட்டினார்கள். அவன் துள்ளத் துள்ள அவர்கள் அடித்தார்கள். ஒருவர் திருநீற்றை அள்ளி வீசினார். அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்து, “என்ர பிள்ளையில வந்திட்டார், முருகன் வந்திட்டார்,” என்று அழுதுகொண்டு கும்பிட்டா.

நான் கயிற்றுக்குக் கீழால் புகுந்தேன். ஒரு ஆள் இடுப்பில் பிடித்து இழுத்தார், பெண்பிள்ளைகள் உள்ளே வரக் கூடாது என்று. அவருடைய கையில் கடித்தேன். உப்பாக இரத்தம் வாய்க்குள் வந்தது. விட்டார். நான் போகும்போது அண்ணா குப்புறக் கிடந்தான். முகம் மண்ணுக்குள். புரட்டிச் சரித்துப் படுக்க வைத்தேன். வாய் முழுக்க மண்ணும் இரத்தமும் நுரையும். தோண்டித் தோண்டி எடுத்தேன். சுற்றி நின்றவர்கள் அப்போதும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். மேளத்தை நிப்பாட்டச் சொல்லிக் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

வலிப்பு நிற்கவில்லை. நின்ற மாதிரி இருந்து திரும்பப் பிடித்தது. வண்டியில் ஏற்றும்போதும் பிடித்தது. இதற்கு விடா வலிப்பு (இடையில் நினைவு திரும்பாமல் வலிப்பு மேல் வலிப்பாகத் தொடர்வது) என்று பெயர்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டே கடமையில் நின்ற டொக்டர் கேட்டார், “குளிசை ஒழுங்காப் போட்டவரோ?”

அம்மா என் பக்கத்தில் நின்றா.

“ஓம்,” என்றேன்.

அந்த ‘ஓம்’ என்ற பொய் ஏதாவது மாற்றியதா, வேறு ஊசி போட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவு இன்னும் வரவில்லை. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அண்ணா போய்விட்டான். இருபத்தைந்து வயது.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் அம்மா சாமிப் படங்களைக் கழற்றிச் சாக்கில் கட்டினா. சாப்பிடச் சொன்னால், நான்தான் பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொன்றேன் என்பா. நடந்துகொண்டிருக்கும்போதே நின்று, “நான் கும்பிட்டுக்கொண்டு நிண்டனான்,” என்பா. சொல்லிவிட்டுக் கதவு நிலையில் நெற்றியை அடிப்பா. நான் ஓடிப்போய் நிலைக்கும் நெற்றிக்கும் நடுவே கையைக் கொடுப்பேன். புறங்கை முழுக்க நீலம் பாரித்தது. அப்போதும் குளிசைக் கதையை நான் சொல்லவில்லை. பதினொரு கிழமை இப்படிப் போனது.

ரிஸ்வான் அண்ணாவின் போனைத் திறந்து கொண்டுவந்தான். அண்ணா இறந்துவிட்டான் என்று ரிஸ்வானே பாட்டுக்குக் கீழே எழுதியிருந்தானாம், எத்தனையோ நாட்டிலிருந்து அனுதாபம் வந்திருந்தது. பிரேசில்காரன் பெரிய கடிதமே எழுதியிருந்தான். இப்போது அவர் பாட்டுக்குள் நிரந்தரமாக இருக்கிறார் என்று ஒருவர். ரிஸ்வான் வாசித்து அழுதான். எனக்கு ஆத்திரம் வந்தது. போனைப் பறித்துக் கிணற்றுக்கட்டில் எறிந்தேன். மூலையில் கண்ணாடி வெடித்தது.

“எறி. நான்தானே திருத்தோணும்,” என்றான் ரிஸ்வான். எடுத்துத் துடைத்து, இன்னும் கீழே போனான். போனவன் நின்றுவிட்டான்.

ஒரு பெண். இங்கிலாந்தில் எங்கோ. அண்ணா எழுதியதற்குக் கீழே, சஷ்டிக்கு இரண்டு கிழமை முந்தி எழுதியிருந்தா. எல்லோரும் பகிடியாக எடுத்துச் சிரிக்கிறார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. என் மகனுக்கும் வலிப்பு வருமுன் இசை கேட்கும். தயவுசெய்து மருந்தை நிறுத்தவேண்டாம். உன்னைப் பார்க்க யாராவது இருக்கிறார்களா?

அத்தனை ஆயிரம் ரசிகர்களில் அந்த ஒரு மனிசிக்குத்தான் விளங்கியிருக்கிறது.

அதற்குக் கீழே அண்ணாவின் பதில் இருந்தது. என்னைப் பற்றி யோசிக்கவேண்டாம், எனக்கு நேரத்துக்குக் குளிசை தருவதற்கு என் தங்கச்சி இருக்கிறா, அவ விட மாட்டா.

அன்று பின்னேரம் குசினிக்குள் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தா. விரதத்தால் இல்லை, ஆறு நாளும் குளிசை துப்பினவன், எனக்குத் தெரியும், டொக்டருக்கும் பொய் சொன்னேன் என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன், நிறுத்தியிருந்தால் தொடர்ந்திருக்க மாட்டேன்.

அம்மா எழும்பி அடித்தா. கை ஈரம். இடது காதில் விழுந்தது. உள்ளுக்குள் ஏதோ பேப்பர் கிழிந்தது போலிருந்தது. திரும்ப அடித்தா, தோளில், முகத்தில், கழுத்தில். நான் கையால் மறைக்கவில்லை. கை ஓயும் வரைக்கும் அடித்துவிட்டு நிலத்தில் இருந்தா. அரிசி கொட்டிக் கிடந்தது.

“அந்தப் பாட்டைப் போடு,” என்றா பிறகு.

போட்டேன். இத்தனை வருசம் வீட்டில் ஓடிய பாட்டை அம்மா அன்றுதான் கேட்டா. கண்ணை மூடவில்லை. வெடித்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு முடியும் வரைக்கும் இருந்தா.

“இதுக்கோ?” என்று கேட்டா.

பாட்டுக்குக் கீழே எழுதியிருந்ததைப் போனிலேயே தமிழாக்கி வாசித்துக் காட்டினேன். லொறிக்காரன், தகப்பனின் பெட்டியைத் தூக்கினவன், புருசனை விட்டவள். அம்மா சிந்திய அரிசியைக் கூட்டிக் கூட்டி, அடுத்ததை வாசி என்று கையால் காட்டினா. அந்த இங்கிலாந்து மனிசி எழுதியதையும் அண்ணாவின் பதிலையும் வாசித்தேன். அம்மாவின் கை நின்றது.

“அந்த மனிசிக்கு எழுது. தங்கச்சி குடுக்கேல்லை எண்டு எழுது. தாய் கும்பிட்டுக்கொண்டு நிண்டவ எண்டும் எழுது. அவவின்ர பிள்ளைக்கு உதவும்.”

எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை.

என் காது வடிந்தது. செவிப்பறை (காதுக்குள் இருக்கும் மெல்லிய தோல்) கிழிந்திருக்கிறது, தானாக மூடும், ஆறேழு கிழமை ஆகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எப்படி நடந்தது என்று கேட்டார்கள். அம்மா அடித்தா என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். நேர்ஸ் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தா.

இப்போது என் உடம்புக்கு ஒரு பக்கம்தான் கேட்கிறது. சைக்கிளில் போகும்போது பஸ் பின்னால் வருவதும் முன்னால் வருவதும் ஒன்றாக இருக்கிறது. மெசின் சத்தம் வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் கிணறு மாதிரி. என் சொந்தக் குரல் அந்தக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. ஏதாவது சொல்லிவிட்டு, சொன்னேனா என்று யோசிக்கிறேன். ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று முந்தித் தெரியும், ஆலைச் சங்கு ஊதும், வேலை முடியும். இப்போது நாள் என்பது தோல் வளரும் அளவு. அது எனக்குத் தெரியாமல் வளர்கிறது.

அந்தப் பாட்டில் இரண்டு கிற்றார் என்று ரிஸ்வான் சொன்னான். ஹெட்போனில் ஒன்று வலது காதுக்கு, மற்றது இடது காதுக்கு வருமாம். வலதில் இருப்பது கீறும். இடதில் இருப்பது அதற்குக் கீழே நின்று தாங்குமாம். எனக்குக் கீறுவது மட்டும் கேட்கிறது. தினமும் வேலை முடிந்து வந்து ஒரு தரம் போட்டுப் பார்க்கிறேன். அம்மா குசினி வாசலில் நின்று கேட்பா.

“மற்றது வந்திட்டுதோ?”

“இன்னும் இல்லை, அம்மா.”

நேற்று, பாட்டு முடியப் போகிற இடத்தில், இடப்பக்கம் தூரத்தில் யாரோ விறகு இழுத்துக்கொண்டு போவது போல ஒரு சத்தம் வந்து மறைந்தது. அதுதானா என்று நிச்சயமாகத் தெரியாது. நான் காத்திருக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றாமலே அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.